பக்கத்துப் பள்ளிக்குக் காரில் வருகிறவர்களைத் தப்பாக நினைக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வேளச்சேரிப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். மகள் மூன்றாம் வகுப்பு, பள்ளி வீட்டிலிருந்து 700 மீட்டர். வீட்டில் கார் இருந்தாலும் நடந்துதான் கூட்டிப் போகிறீர்கள். அதே குடியிருப்பிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் அதே பள்ளிக்குக் காரில் வருகின்றன. பள்ளி வாசலில் அந்த வண்டிகளுக்கு நடுவே மகளை இழுத்துக்கொண்டு புகுந்து போக வேண்டியிருக்கிறது. இவர்களை மனதுக்குள் திட்டிக்கொள்வது தப்பா, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதலாமா என்பது கேள்வி.

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவர் காரில் வந்தார் என்பதை மட்டும் வைத்து அவரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. காரை எங்கே நிறுத்தினார், தெருவுக்குள் எந்த வேகத்தில் நுழைந்தார், பிள்ளையை எந்தப் பக்கம் இறக்கிவிட்டார் என்பதை வைத்து நிறையச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சென்னையிலும் கோவையிலும் பள்ளிகளைச் சுற்றியுள்ள தெருக்களை அளந்து வரைபடம் போடும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 700 மீட்டரை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் 10 நிமிடத்துக்குள் நடந்துவிடுவார்கள். பையைச் சுமந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு 12 அல்லது 13 நிமிடம் ஆகும். காகிதத்தில் இது நடக்கிற தூரம்தான். கல்வி உரிமைச் சட்ட விதிகள்கூடத் தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஆனால் தெருவில் இறங்கிப் பாருங்கள். நடைபாதை இருக்காது. இருந்தால் அதன் மேல் டிரான்ஸ்பார்மர், மின்வாரியப் பெட்டி, இஸ்திரி வண்டி, நிறுத்திய பைக்குகள். வடிகாலுக்கு மேல் போட்ட சிமென்ட் பலகை நான்கடிக்கு ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவரையொருவர் இடிக்காமல் போகும் அகலம் அது. உங்கள் 700 மீட்டரில் எத்தனை மீட்டருக்கு அந்த அகலம் கிடைக்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்.

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று தனிக் கொள்கையே வகுத்த முதல் இந்திய நகரம் சென்னைதான். 2014-இல் மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. அதன் பலனைப் பார்க்க வேண்டுமென்றால் 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதைக்குப் போகலாம். அகலமாக, நிழலாக, உட்கார இடத்தோடு இருக்கும். எனக்குப் பிடித்த தெரு அது. ஆனால் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாள் காலையும் மாலையும் நடக்கிற பள்ளிச் சந்துகளுக்கு அந்தக் கவனத்தில் பாதிகூட வரவில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். பள்ளியைச் சுற்றி 500 மீட்டரை முதலில் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருக்க வேண்டும்.

தூரத்தைவிட முக்கியமானது வழியில் எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும் என்பது. ஒரு கிலோமீட்டரும் குடியிருப்புத் தெருக்கள் வழியாகவே போகிற பிள்ளைக்கு அது எளிய வழி. 300 மீட்டரில் நடுவே ஒரு பேருந்துச் சாலை வந்தால், சிக்னல் இல்லாமல், வெள்ளைக் கோடு அழிந்துபோன இடத்தில் கையைக் காட்டிக்கொண்டே கடக்க வேண்டியிருந்தால், அது கடினமான வழி. நடத்திக் கூட்டிப் போகிற பல அம்மாக்களிடம் பேசியிருக்கிறேன். எவ்வளவு தூரம் என்று ஒருவரும் குறைபட்டதில்லை. ‘அந்த ஒரு இடம் மட்டும்தான் சார்’ என்பார்கள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் பல வீடுகளில் வண்டிச் சாவி கைக்கு வருகிறது.

அவர்கள் பயம் வீண் பயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர். அதே வருடம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் முதலிடம். இந்த நாட்டில் பிள்ளையை நடக்க விட ஒரு பெற்றோர் தயங்கினால், அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம், காருக்குள் இருப்பவரைப் பற்றி வெளியிலிருந்து நமக்கு என்ன தெரியும்? இறக்கிவிட்டுவிட்டு அப்படியே ஓ.எம்.ஆரில் அலுவலகத்துக்குப் போகிற அம்மாவுக்கு, நடந்து போய் நடந்து வந்து மறுபடி வண்டி எடுக்க அரை மணி நேரம் கிடையாது. முழங்கால் தேய்ந்த தாத்தாவால் பேரனை நடத்திக் கூட்டிப் போக முடியாது. ஆஸ்துமா இருக்கிற பிள்ளை, கூட்டத்திலும் சத்தத்திலும் பதறிப் போகிற ஆட்டிசப் பிள்ளை, காரில் இருந்து இறங்கும்போது பார்த்தால் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கும். இரண்டு பிள்ளைகள் இரண்டு பள்ளிகளில், இரண்டுக்கும் மணி ஒன்றே என்றிருக்கிற வீடுகளும் உண்டு. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நாம் திட்டுவது பெரும்பாலும் அம்மாக்களைத்தான். ஏனென்றால் காலையில் பிள்ளையைக் கிளப்பி, சோறு கட்டி, கொண்டுபோய் விடும் வேலை பெரும்பாலான வீடுகளில் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அப்பா ஓட்டி வந்தால் ‘பரவாயில்லையே, அவரே கொண்டுவந்து விடுகிறாரே’ என்கிறோம். இது அநியாயம்.

சரி, அப்படியென்றால் யாரையும் எதுவும் சொல்லக் கூடாதா? அவரவர் வசதி, அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாமா? இதை நான் ஏற்கவில்லை. வீட்டுக்குள் என்ன சமைக்கிறார்கள் என்பது அவரவர் விருப்பம். பள்ளி வாசல் எல்லோருக்கும் பொதுவானது. அங்கே ஒருவர் எடுக்கும் முடிவின் விலையை வேறொருவர் பிள்ளை கொடுக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒருவர் காரில் வந்தால் 120 கார். நம் ஊரில் விற்கிற சின்னக் கார்கள் பலவும் வரிச் சலுகைக்காக 4 மீட்டர் நீளத்துக்குள் செய்யப்பட்டவை. முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு காருக்கு 5 மீட்டர். 120 கார் வரிசையில் நின்றால் 600 மீட்டர். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு இருக்கிற தூரம் முழுக்கக் கிட்டத்தட்ட அந்த வரிசையே அடைத்துக்கொள்ளும். ஒரு பிள்ளை கதவைத் திறந்து, பையை மாட்டி, சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்க ஒரு நிமிடம் என்றும், வாசலில் ஒரே நேரத்தில் மூன்று கார் நிற்கலாம் என்றும் வைத்துக்கொண்டால், எல்லாரும் இறங்கி முடிக்க 40 நிமிடம். பள்ளி மணிக்கு முன்னால் இருக்கிற நேரமோ 20 நிமிடம். அதனால்தான் டபுள் பார்க்கிங், ரிவர்ஸ் எடுப்பது, எதிர்த்திசையில் நுழைவது எல்லாம் நடக்கின்றன. தனித்தனியே பார்த்தால் எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோருக்கும் அவசரம்தான். ஆனால் அந்தத் தெருவில் அத்தனை காருக்கு இடமே கிடையாது.

ஆபத்தும் அந்த இருபது நிமிடத்தில்தான். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் எதிரே வருகிற வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. அது ஒழுக்கக் குறைவு இல்லை, கண்ணும் மூளையும் அந்த வயதில் அவ்வளவுதான் வளர்ந்திருக்கும். நிறுத்திய இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பிள்ளை வெளியே வரும்போது அந்தக் கார்களே அதை மறைத்துவிடும். ஓட்டுபவருக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கு வண்டி தெரியாது. வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்துக்கு, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவுக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் மோதுவதைவிட 50-இல் மோதும்போது அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 30-இல் அடிபட்டவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் உலக நாடுகள் பலவற்றிலும் பள்ளிப் பகுதிக்கு 30 என்று வைத்திருக்கிறார்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையும் 2023 நவம்பரிலிருந்து குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று அறிவித்திருக்கிறது. தெருவில் அது எழுதிக்கூட இருக்காது.

புகையும் இருக்கிறது. பெட்ரோல் காரில் புகையைச் சுத்தம் செய்கிற கருவி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) வேலை செய்ய வேண்டுமென்றால் அது 300 டிகிரிப் பக்கம் சூடாக வேண்டும். 700 மீட்டர்ப் பயணத்தில் அது சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடும். பிறகு ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டு வரிசையில் நிற்பார்கள். அந்தப் புகை வெளியேறுகிற உயரத்துக்குப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் மூக்குதான் பக்கத்தில் இருக்கிறது.

இதில் என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பெரிய தனியார் பள்ளி இருக்கிற தெருவிலோ அடுத்த தெருவிலோ பல இடங்களில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றும் இருக்கும். அங்கே படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் நடந்துதான் வருகிறார்கள், பலர் தனியாக, தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு. காரில் வருகிற பிள்ளைகளால் உண்டாகிற நெரிசலின் முழு ஆபத்தும் காரே இல்லாத இந்த வீட்டுப் பிள்ளைகள் மேல் விழுகிறது. நம் எரிச்சலைப் பேசும்போது இவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும். அந்த வாட்ஸ்அப் குழுவில் இவர்களுடைய பெற்றோர் இருக்கப் போவதில்லை.

இந்தச் சுழல் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. தெருவில் வண்டி அதிகம் என்று பயந்து ஒருவர் பிள்ளையைக் காரில் ஏற்றுகிறார். அதனால் ஒரு வண்டி கூடுகிறது. அதைப் பார்த்து அடுத்தவர் பயப்படுகிறார். இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் (மேயர் என்பது அவர் பெயர்தான், பதவி இல்லை) என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதை அளந்து 1990-இல் வெளியிட்டார்கள். 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் 9 சதவீதம். ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு சரிவு. அந்த வருடங்களில் அங்கே சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததும் உண்மை. அதைக் காட்டிச் சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசு சொன்னது. பிள்ளைகளைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்திவிட்டதால்தான் இறப்பு குறைந்தது என்று ஹில்மன் குழுவினர் சொன்னார்கள். நம் நகரங்களும் அதே வழியில் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன.

கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நம் ஊரில் காரைவிட இருசக்கர வண்டியில்தான் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள். சாலையில் இறப்பவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். ‘இதோ பக்கத்துல இருக்கிற ஸ்கூலுக்கு எதுக்கு ஹெல்மெட்’ என்று ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் ஒரு பிள்ளை உட்கார, அப்பா மட்டும் ஹெல்மெட் போட்டு வருவதைத் தினமும் பார்க்கிறோம். மோட்டார் வாகனச் சட்டப்படி 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 9 மாதத்திலிருந்து 4 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 2023 பிப்ரவரி முதல் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பதினொன்றாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டியைக் கொடுத்து அனுப்புகிற வீடுகளும் இருக்கின்றன. பிடிபட்டால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது. குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் இவர்களைத்தான் முதலில் சொல்வேன். இங்கே சூழ்நிலை, கட்டாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹெல்மெட் போட அரை நிமிடம் போதும்.

நம் ஊரில் விமர்சனம் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் ஓடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரில் வருகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. நடந்து வருகிறவரைத்தான் கேட்கிறார்கள். ‘வண்டி என்ன ஆச்சு?’ ‘இந்த வெயில்ல பிள்ளைய நடக்க வைக்கிறீங்களே!’ மாமியார் கேட்பார், வாட்ச்மேன் கேட்பார், வகுப்பாசிரியர்கூடக் கேட்பார். நடப்பது வசதி இல்லாதவர்களின் வேலை என்று நாம் நினைத்துவிட்டோம். ஒரு தலைமுறைக்கு முன் கலெக்டர் பிள்ளையும் கணக்குப்பிள்ளை பிள்ளையும் ஒரே தெருவில் நடந்து போனார்கள். பிள்ளைகள் நடப்பதைக் கேவலமாக நினைப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஐந்திலிருந்து பதினேழு வயது வரை பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடலை அசைக்கும் வேலை வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போகவர உங்கள் மகள் நடக்கிற 25 நிமிடம் அதில் கணிசமான பங்கு. வழியில் அவள் பேசுகிற பேச்சு வேறு இருக்கிறது. அந்த நேரத்தைக் கொடுக்க முடிகிற நிலையில் நீங்கள் இருப்பது நல்ல விஷயம். அடுத்த வீட்டுக்காரருக்கு அது இல்லாமலும் இருக்கலாம்.

ஜப்பான் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கு நடப்பதைக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘அங்கே பெற்றோர் எப்படி வளர்க்கிறார்கள் பாருங்கள்’ என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். 1970-இல் ஜப்பானில் சாலை விபத்தில் 16,765 பேர் இறந்தார்கள். ‘போக்குவரத்துப் போர்’ என்றே பத்திரிகைகள் எழுதின. இறந்தவர்களில் பிள்ளைகள் ஏராளம். அதன் பிறகுதான் நடைபாதைகள், பள்ளி வழிகளைக் குறித்து வைப்பது, அந்தத் தெருக்களில் காலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டிகளைத் தடுப்பது, பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து நடப்பது, சந்திப்புகளில் கொடியோடு நிற்கிற தன்னார்வலர்கள் என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். 2011-இலிருந்து குடியிருப்புப் பகுதிகளை மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்புள்ள பகுதிகளாக்கினார்கள். 2022-இல் அங்கே இறந்தவர்கள், விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தவர்களையும் சேர்த்து, 3,300 பேருக்குள். சுமார் 12.5 கோடி மக்கள் உள்ள நாடு அது. நம் மாநிலத்தின் 17,884-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரு மாறியதால்தான் அங்கே பெற்றோரால் பிள்ளைகளை நடக்க விட முடிகிறது.

இத்தாலியில் பொல்சானோ என்ற ஊரில் 1989-இலேயே பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் வாசல் தெருவைக் கொஞ்ச நேரம் வண்டிகளுக்கு மூட ஆரம்பித்தார்கள். லண்டனில் இப்போது 500-க்கு மேற்பட்ட பள்ளித் தெருக்களில் இது நடக்கிறது. நம் ஊரில் இதற்குப் பெரிய செலவில்லை. பல பள்ளி வாசல்களில் ஏற்கனவே போலீஸ் தடுப்புகள் கிடக்கின்றன. அவற்றை வாசலிலிருந்து தெரு முனைக்கு நகர்த்தி, 20 நிமிடம் அந்தத் தெருவில் வசிப்பவர்களின் வண்டிகளை மட்டும் விட்டால் போதும். காரில் வருகிறவர் தெரு முனையில் இறக்கிவிட்டுப் போகலாம். வீட்டிலிருந்து நடக்க முடியாதவர்களும் கடைசி 200 மீட்டர் நடக்கலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வண்டிக்கு வாசல் வரை அனுமதி கட்டாயம் வேண்டும். அதை மறந்துவிட்டால் திட்டமே அநியாயமாகிவிடும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. வாட்ஸ்அப் குழுவில் ‘பக்கத்திலிருந்தும் காரில் வருகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்’ என்று எழுதாதீர்கள். வண்டி எண் தெரிகிற போட்டோவும் வேண்டாம். இரண்டு நாள் சண்டை நடக்கும், மூன்றாம் நாள் குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுவார்கள், கார்கள் அப்படியே வரும். வெட்கப்படுத்தி ஒருவரை நடக்க வைத்ததை நான் பார்த்ததில்லை. துணை கிடைத்து நடக்க ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குடியிருப்பிலேயே, நன்றாகப் பேசிப் பழகுகிற ஒரு வீட்டில், ‘நாளைக்கு உங்க பையனையும் நானே கூட்டிட்டுப் போகட்டுமா?’ என்று கேளுங்கள். அந்த அம்மாவுக்குக் காலையில் இருபது நிமிடம் மிச்சம். அடுத்த வாரம் இன்னொரு வீடு சேரலாம். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் 1998-இல் இப்படித்தான் ‘வாக்கிங் பஸ்’ என்று ஆரம்பித்தார்கள். ஒரு எச்சரிக்கை: முழுப் பொறுப்பும் ஒருவர் மேலேயே விழுந்தால் இது ஒரே பருவத்தில் நின்றுபோகும். ஆரம்பத்திலேயே நாள் பிரித்துக்கொள்ளுங்கள். பையின் எடையைப் பற்றிப் பெற்றோர்கள் சொன்னால் அதுவும் உண்மைதான். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் மத்திய அரசு பள்ளிப் பைக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதைப் பள்ளிக்கு நினைவுபடுத்துங்கள்.

பள்ளியிடம் கேட்கும்போது மூன்று நான்கு பெற்றோராகப் போங்கள், அதில் காரில் வருகிறவர் ஒருவராவது இருக்கட்டும். கீழ் வகுப்புக்கும் மேல் வகுப்புக்கும் 15 நிமிடம் மணி மாற்றி வைக்க முடியுமா, பின்பக்கக் கேட்டை நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் திறக்க முடியுமா என்று கேளுங்கள். பல பள்ளிகளில் அப்படி ஒரு கேட் பூட்டியே கிடக்கிறது. பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். ஒரு காவலரைக் காலையில் அரை மணி நேரம் அங்கே நிறுத்தினால் தீருகிற விஷயம் அது.

தெருவுக்கு மாநகராட்சியிடம் போக வேண்டும். வார்டு உதவிப் பொறியாளருக்கும் கவுன்சிலருக்கும் எழுத்தில் கொடுங்கள். இப்போது பகுதி சபைக் கூட்டங்களும் இருக்கின்றன, அங்கே வாயால் சொல்லிவிட்டு வராமல் தீர்மானப் பதிவில் ஏறியதா என்று பாருங்கள். மனுவில் ‘நடைபாதை மோசமாக உள்ளது’ என்று எழுதினால் எதுவும் நடக்காது. இன்ன கதவு எண் எதிரே வடிகால் பலகை உடைந்திருக்கிறது, இன்ன சந்திப்பில் வேகத்தடையும் வெள்ளைக் கோடும் வேண்டும் என்று இடம் இடமாக எழுதுங்கள், போட்டோ வையுங்கள். மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், மனுவின் எடையே மாறிவிடும். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. மனுவில் அதை ஒரு வரி குறிப்பிடுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றி ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உங்கள் பகுதியில் தண்ணீர் நிற்கும். மேன்ஹோல் எங்கே இருக்கிறது, எந்த மின்பெட்டி தண்ணீருக்குள் நிற்கிறது என்று தெரியாத தெருவில் பிள்ளையை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். கொள்கை எல்லாம் அன்றைக்கு வேண்டாம், காரை எடுங்கள். கிளம்பும் முன் குடியிருப்பில் ஸ்கூட்டரில் பிள்ளையோடு போகிற வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள், பின்சீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கும். வாசலுக்கு முந்தைய திருப்பத்திலேயே நிறுத்தி, நடைபாதைப் பக்கக் கதவைத் திறந்து இறக்கிவிடுங்கள்.